எட்டாத அறுபது

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் நெடுஞ்சாலையில் ஏறக்குறையப் பாதி வழியில் இருக்கிறது கீரனூர். குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம். கல்லூரி, வேலை, பெரிய ஆஸ்பத்திரி என்று பலதுக்கும் திருச்சி பஸ்ஸைப் பிடிக்கும் ஊர். இங்கிருந்து திருச்சிக்கு 30 கிலோமீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உண்மைத் தூரமும் அதிலிருந்து அதிகம் விலகாது.

ஒருவர் காலையில் கிளம்புகிறார். லாரிகளும் வேகத்தடைகளும் நகர நெரிசலும் சேர்ந்து, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில்தான் திருச்சி போய்ச் சேர முடிகிறது. போகவர மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் 60 ஆக வேண்டுமென்றால், திரும்பும்போது அவர் என்ன வேகத்தில் வர வேண்டும்?

சட்டென்று வாயில் வரும் விடை 90. முப்பதையும் தொண்ணூறையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 60 வருகிறதே! ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. போக ஒரு மணி நேரம். மணிக்கு 90-ல் திரும்பினால் 20 நிமிடம். ஆக 80 நிமிடத்தில் 60 கி.மீ.; சராசரி 45-தான். சரி, 120-ல் வந்தால்? 48. மணிக்கு 270 கி.மீ. என்று பறந்து வந்தால் 54. பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 27,600 கி.மீ. அந்த வேகத்திலேயே கீரனூர் வந்து சேர்ந்தாலும் சராசரி ஏறத்தாழ 59.93-தான்.

காரணம் எளியது. 60 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 வேகத்தில் முடிக்க மொத்தமே ஒரு மணி நேரம்தான் உண்டு. அந்த ஒரு மணி நேரமும் திருச்சி போய்ச் சேர்வதற்குள் செலவாகிவிட்டது. திரும்பி வர மிச்சமிருக்கும் நேரம் பூஜ்யம்.

இதே வகைப் புதிர் ஒன்றை, மேடேறி இறங்கும் ஒரு பழைய காரை வைத்து, உளவியலறிஞர் மாக்ஸ் வெர்தைமர் தன் நண்பர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் தனக்குப் பிடிபட்டது என்று ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். ஆகவே 90 என்று சொன்னவர்கள் வருந்த வேண்டியதில்லை.

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் தொலைத் தொடுகோடு என்ற பெயரில் படிப்பது இந்த 60-ஐத்தான். திரும்பும் வேகத்தை ‘வ’ என்றும் சராசரியை ‘ச’ என்றும் எழுதினால்,

ச = 60வ ÷ (வ + 30)

மேலே ஒரு பல்லுறுப்புக் கோவை, கீழே ஒரு பல்லுறுப்புக் கோவை, இரண்டின் விகிதம். விகிதமுறு சார்பு என்பது இவ்வளவுதான். வேகத்தைக் கிடை அச்சிலும் சராசரியைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரைந்தால், கோடு முதலில் விறுவிறுவென்று ஏறி, பிறகு தளர்ந்து, 60 என்ற உயரத்தில் போடப்பட்ட கிடைக்கோட்டை நெருங்கிக்கொண்டே போகும். அந்தக் கிடைக்கோடுதான் கிடைமட்டத் தொலைத் தொடுகோடு.

எவ்வளவு மெதுவாக நெருங்குகிறது என்பதையும் இந்தச் சூத்திரத்திலேயே படிக்கலாம். கொஞ்சம் மாற்றி எழுதினால்,

(60 − ச) × (வ + 30) = 1800

இலக்கை எட்ட இன்னும் உள்ள குறை ஒரு பக்கம், வேகத்தோடு 30 கூட்டிய எண் இன்னொரு பக்கம். இரண்டின் பெருக்கல் எப்போதும் 1800. குறையைப் பாதியாக்க வேண்டுமென்றால் மற்றது இரட்டிப்பாக வேண்டும். வேகம் 90 எனில் குறை 15. அதை 7.5 ஆக்க வேகம் 210 வேண்டும், 3.75 ஆக்க 450. ஒவ்வொரு முறையும் மிச்சத்தில் பாதிதான் கிடைக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலையோ இரட்டிப்பாகிறது. குறை பூஜ்யமானால் பெருக்கல் பூஜ்யமாகிவிடும், 1800 வராது. அதனால்தான் 60 கிடைக்கவே கிடைக்காது. இதைவிடச் சுருக்கமான நிரூபணம் தேவையில்லை.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். ‘இந்த வேகத்தில் வந்தால் சராசரி என்ன?’ என்பதற்குப் பதிலாக, ‘இந்தச் சராசரி வேண்டுமென்றால் என்ன வேகத்தில் வர வேண்டும்?’ என்று கேட்டால், அதே சூத்திரம் வேறு முகம் காட்டும்.

வ = 30ச ÷ (60 − ச)

சராசரி 40 போதுமென்றால் 60-ல் வந்தால் சரி. 50 வேண்டுமென்றால் 150. 55-க்கு 330. 59-க்கு 1,770. 59.9-க்கு 17,970. 59.99-க்கு 1,79,970. கேட்கும் சராசரியில் இம்மியளவு கூட்டினாலும் வேகம் பல மடங்காக எகிறுகிறது. 60 என்ற இடத்தில் பகுதி பூஜ்யமாகிறது. விடை என்று ஒன்று அங்கே இல்லை. வரைபடத்தில் அந்த இடத்தில் நிமிர்ந்து நிற்கும் கோடுதான் செங்குத்துத் தொலைத் தொடுகோடு.

முதல் கேள்வியில் கூரையாக இருந்த 60, இரண்டாவது கேள்வியில் சுவராக நிற்கிறது. பாடப்புத்தகங்களில் கிடைமட்டத்துக்கு ஒரு விதி, செங்குத்துக்கு ஒரு விதி என்று தனித்தனியே வருவதால், மாணவர்கள் இவற்றை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருள்களாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு சார்பின் நேர்மாறை எடுத்தால் கிடையும் செங்குத்தும் இடம் மாறுகின்றன. முதல் சார்பில் எட்ட முடியாத மதிப்பு, நேர்மாறில் கேட்கவே முடியாத கேள்வியாகிவிடுகிறது. இந்த உறவைச் சொல்லிவிட்டுப் பிறகு விதிகளைச் சொன்னால், அந்த விதிகள் மனதில் தாமாகவே நிற்கும்.

சுவரைத் தாண்டினால் என்ன இருக்கிறது? சராசரி 61 வேண்டும் என்று கேட்டால் சூத்திரம் சளைக்காமல் −1,830 என்று விடை தருகிறது. இதை அபத்தம் என்று தள்ளிவிட வேண்டாம். 61 சராசரிக்கு மொத்த நேரம் 59 நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் ஒரு மணி நேரம் செலவாகிவிட்டது. ஆகவே திருச்சியில் கிளம்புவதற்குச் சுமார் ஒரு நிமிடம் முன்பாகவே கீரனூர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். கணிதம் சொல்வது சரிதான். சாலைக்குத்தான் அது பொருந்தாது.

59.99-ல் விடை ஏறத்தாழ கூட்டல் 1,80,000. 60.01-ல் கழித்தல் 1,80,030. நடுவில் உள்ள 60-க்கு என்ன மதிப்பு கொடுப்பது? இடப்பக்கமிருந்து வந்தால் மேலே போகச் சொல்கிறது. வலப்பக்கமிருந்து வந்தால் பாதாளத்துக்கு இழுக்கிறது. பூஜ்யத்தால் வகுப்பது பற்றி இந்தியக் கணிதம் நூற்றாண்டுக் கணக்கில் யோசித்திருக்கிறது. கி.பி. 628-ல் ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ எழுதிய பிரம்மகுப்தர், பூஜ்யத்துக்கும் கூட்டல், கழித்தல் விதிகள் வகுத்தவர். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். ஒன்பதாம் நூற்றாண்டின் மகாவீரர், பூஜ்யத்தால் வகுத்தால் எண் மாறாது என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், பூஜ்யத்தைப் பகுதியாகக் கொண்ட எண்ணைக் ‘கஹரம்’ என்று தனி இனமாகப் பிரித்தார். எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாத, முடிவற்ற அளவு அது என்றார். பாஸ்கரரின் பார்வை வியக்க வைப்பது. ஆனால் கூட்டல் பக்கமும் கழித்தல் பக்கமும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதை ஒரே அளவுக்குள் அடக்க முடியாது. அந்த இடத்தில் என்ன மதிப்பு என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த இடத்தை நெருங்கும்போது என்ன நடக்கிறது என்று கேட்கத் தொடங்கியபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அந்த ‘எல்லை’ என்ற கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோஷியும் வையர்ஸ்ட்ராஸும் செப்பம் செய்தார்கள். கோடுகளோ மிகப் பழையவை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பெர்கா நகர அப்பல்லோனியஸ், கூம்பை வெட்டிக் கிடைக்கும் அதிபரவளையத்தைப் பற்றி எழுதியபோதே அதன் தொலைத் தொடுகோடுகளை ஆராய்ந்திருந்தார்.

பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம் வந்தால் நிலைமை வேறு. ஒரு எண்ணை அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் சொன்னபோது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றா என்று கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்த ராமானுஜன் கேட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. விகிதமுறு சார்புகள் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கின்றன. (க² − 4) ÷ (க − 2) என்பதை எடுத்துக்கொண்டால், க = 2 என்ற இடத்தில் மேலும் பூஜ்யம், கீழும் பூஜ்யம். ஆனால் 1.99-ல் மதிப்பு 3.99, 2.01-ல் 4.01. எகிறவே இல்லை, அமைதியாக 4-ஐ நோக்கிப் போகிறது. பொதுக் காரணியான (க − 2) அடிபட்டுப்போய், வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் விடுபட்டிருக்கிறது. (க − 2) ÷ (க − 2) என்றால் அதே இடத்தில் 1-ஐ நோக்கிப் போகும். தொகுதியை மட்டும் இருபடியாக்கினால் பூஜ்யத்தை நோக்கி. பகுதியை மட்டும் இருபடியாக்கினால் நிஜமாகவே சுவர். ஆக, பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. மேலும் கீழும் எந்த வேகத்தில் பூஜ்யத்தை அடைகின்றன என்பதைப் பொறுத்தது. பகுதி பூஜ்யமாகும் இடத்திலெல்லாம் செங்குத்துக் கோடு போட்டுவிடும் மாணவர்கள் தேர்வில் மதிப்பெண் இழப்பது இங்கேதான். முதலில் காரணிப்படுத்தி, அடித்து, பிறகு பார்க்க வேண்டும்.

கிடைமட்டக் கோட்டைக் கண்டுபிடிக்கும் விதியையும் காரணத்தோடு சொல்லிவிடலாம். (3க² + 5) ÷ (க² − 4) என்ற சார்பில் க = 10 என்றால் மதிப்பு 3.177. க = 100 என்றால் 3.0017. ஆயிரத்தில் 3.000017. க ஆயிரமாகும்போது மேலே மூன்று மில்லியனோடு ஐந்து சேர்கிறது, கீழே ஒரு மில்லியனில் நான்கு குறைகிறது. ஐந்தும் நான்கும் இருந்தென்ன, போயென்ன? உயர்படி உறுப்புகள் மட்டுமே பேசுகின்றன. படி சமமானால் அவற்றின் கெழுக்களின் விகிதம்தான் கோட்டின் உயரம். பகுதியின் படி அதிகமானால் கோடு பூஜ்யத்தில். தொகுதியின் படி அதிகமானால் கிடைமட்டக் கோடு கிடையாது. சரியாக ஒரு படி மட்டும் கூடினால் சாய்ந்த கோடு ஒன்று கிடைக்கும்.

தொலைத் தொடுகோட்டை வளைவரை தொடவே தொடாது என்று ஒரு நம்பிக்கை வகுப்பறைகளில் உலவுகிறது. செங்குத்துக் கோட்டுக்கு அது சரி. சார்புக்கு அங்கே மதிப்பே இல்லை. கிடைமட்டக் கோட்டுக்கு அது பொருந்தாது. க ÷ (க² + 1) என்ற சார்பின் கிடைமட்டக் கோடு பூஜ்யம். க பூஜ்யமாகும்போது வளைவரை அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது; க = 1-ல் அரை வரை உயர்ந்து, பிறகு திரும்பி இறங்கி, மறுபடி அதே கோட்டை நோக்கிப் படிகிறது. கிடைமட்டக் கோடு வெகுதொலைவில் என்ன ஆகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அருகில் வளைவரை எப்படிப் போனாலும் அதற்குக் கவலையில்லை. கீரனூர்–திருச்சிக் கணக்கில் தொடாமல் இருந்தது அந்தச் சூத்திரத்தின் தனிக்குணம்.

காசிலும் இதே கணக்கு ஓடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மொய் விருந்துக்கும் காதணி விழாவுக்கும் அழைப்பிதழ் அடிக்காமல் முடியாது. வடிவமைப்புக்கும் அச்சைத் தயார் செய்வதற்கும் 1,200 ரூபாய், பிறகு ஒவ்வொரு அழைப்பிதழுக்கும் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 அடிக்கும்போது ஒன்றின் விலை 18 ரூபாய், 500-க்கு 8.40, 1,000-க்கு 7.20, 5,000-க்கு 6.24. ஆறு ரூபாய்தான் அடித்தளம். ‘ஆயிரம் அடித்தால் விலை குறையும்’ என்று அச்சகத்தில் சொல்வது உண்மை. பத்தாயிரம் அடித்தால் அதே அளவு இன்னும் குறையும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

எல்லாவற்றிலும் அழகான உதாரணம் ஒவ்வொரு அரசுப் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்திலும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் குவிலென்ஸின் குவிய தூரத்தைக் கண்டுபிடிக்கும் செய்முறையைத் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லோரும் செய்திருப்பார்கள். விளக்கொளி பட்ட கம்பிவலை ஒரு பக்கம், நடுவில் லென்ஸ், மறுபக்கம் வெள்ளைத் திரை. குறிமரபை ஒதுக்கிவிட்டுத் தூரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால்,

பிம்ப தூரம் = (பொருள் தூரம் × குவிய தூரம்) ÷ (பொருள் தூரம் − குவிய தூரம்)

இதுவும் ஒரு விகிதமுறு சார்பு. 20 செ.மீ. குவிய தூரமுள்ள லென்ஸ் என்று கொள்வோம். பொருள் 2 மீட்டர் தள்ளி இருந்தால் பிம்பம் 22.2 செ.மீ.-ல் விழும். 20 மீட்டர் தள்ளி இருந்தால் 20.2. நார்த்தாமலைக் குன்று கண்ணில் படும் இடத்தில் நின்று, 5 கி.மீ. தூரத்திலிருந்து அதன் பிம்பத்தைத் திரையில் பிடித்தால், 20 செ.மீ.-ஐவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட அதிகம் இருக்காது. மீட்டர் அளவுகோலால் அந்த வித்தியாசத்தை அளக்க முடியாது. தொலைவிலுள்ள மரத்தையோ கட்டடத்தையோ திரையில் விழவைத்து, லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அப்படியே குவிய தூரம் என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார்களே, அந்தத் ‘தொலைதூரப் பொருள் முறை’ கிடைமட்டத் தொலைத் தொடுகோட்டை அளவுகோலால் அளப்பதுதான்.

இப்போது பொருளை லென்ஸுக்கு அருகே கொண்டுவரலாம். 25 செ.மீ.-ல் பிம்பம் ஒரு மீட்டரில் விழும். 22-ல் 2.2 மீட்டர். 21-ல் 4.2 மீட்டர். 20.5-ல் 8.2 மீட்டர், பல ஆய்வகங்களின் சுவர் அதற்கு முன்பே வந்துவிடும். சரியாக 20-ல் கதிர்கள் இணையாக வெளியேறுகின்றன, எந்தத் திரையிலும் பிம்பம் கிடையாது. செங்குத்துத் தொலைத் தொடுகோடு. இன்னும் அருகே வந்தால் பிம்ப தூரம் கழித்தலாகிறது. சாலையில் பொருந்தாமல் போன கழித்தல் குறிக்கு இங்கே உயிருள்ள பொருள் உண்டு: பிம்பம் பொருள் இருக்கும் பக்கத்திலேயே, மாயபிம்பமாக, நிமிர்ந்தும் பெரிதாகவும் தெரிகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் எழுத்துகளைப் படிப்பவர் வளைவரையின் அந்த மறுகிளையில்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.

இங்கேயும் ஒரு பெருக்கல் ஒளிந்திருக்கிறது. பொருள் தூரத்திலிருந்து குவிய தூரத்தைக் கழித்து, பிம்ப தூரத்திலிருந்தும் அதையே கழித்து, இரண்டையும் பெருக்கினால் குவிய தூரத்தின் வர்க்கம் வரும். நியூட்டன் பெயரால் வழங்கும் சூத்திரம் இது. செங்குத்துக் கோட்டிலிருந்து உள்ள விலகலும் கிடைமட்டக் கோட்டிலிருந்து உள்ள விலகலும் சேர்ந்து ஒரே மாறிலி. கீரனூர்ச் சாலையின் 1800 போலவே.

கைப்பேசி கேமராவும் இந்த வளைவரையில்தான் வேலை செய்கிறது. குவிய தூரம் 5 மி.மீ. என்றால், மூன்று மீட்டரில் நிற்கும் ஆளிலிருந்து தொலைவிலுள்ள மலைக்குக் குவியத்தை மாற்ற லென்ஸ் சுமார் 0.008 மி.மீ. நகர்ந்தால் போதும். ஆனால் 10 செ.மீ. தூரத்தில் இருக்கும் பூவை எடுக்க 0.26 மி.மீ. நகர வேண்டும், முப்பது மடங்குக்கும் மேல். பழைய கேமராக்களின் குவிய வளையத்தில் அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு, ஐந்து என்று எண்கள் நெருங்கிக்கொண்டே போய்ச் சட்டென்று முடிவிலிக் குறி வந்துவிடும்.

கோட்டை நெருங்கும் இடத்தில் அளவீடுகளும் வேறுவிதமாக நடந்துகொள்ளும். அதே 20 செ.மீ. லென்ஸை 40 செ.மீ.-ல் வைத்தால் பிம்பமும் 40-ல் விழும். பொருள் தூரத்தை அளக்கும்போது ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் பிம்பம் 39.9-க்கு நகரும், பிழை ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் 21 செ.மீ.-ல் அதே ஒரு மில்லிமீட்டர் பிழை, 420 செ.மீ.-ல் விழ வேண்டிய பிம்பத்தை 384-க்கு இழுத்துவிடும். குறைத்து அளந்திருந்தால் 464-க்குத் தள்ளிவிடும். செய்முறைத் தேர்வில் பொருளைக் குவியத்துக்கு மிக அருகே வைத்து அளவெடுத்த மாணவி, கணக்கில் எந்தத் தவறும் செய்யாமலேயே விசித்திரமான பிம்ப தூரங்களை எழுத நேர்வது இதனால்தான். இருமடங்குக் குவிய தூரத்தை ஒட்டி, அதற்குச் சற்று முன்னும் பின்னும் அளவெடுத்தால், இரண்டு கோடுகளிலிருந்தும் போதிய விலகல் இருக்கும். மில்லிமீட்டர் பிழை மில்லிமீட்டராகவே நிற்கும்.